லத்தீன் ஜாஸில் டிரம் செட் இருக்கும்போது கொங்கா எதற்கு?

டிரம் செட்டுக்குத் துணையாக வைத்ததல்ல கொங்கா என்ற, கையால் தட்டும் உயரமான கியூப மேளம். பல பாடல்களில் பாட்டே அதன் மேல்தான் நிற்கிறது.

1947 டிசம்பரில் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி பதிவு செய்த ‘மன்டேக்கா’வைக் கேளுங்கள். கியூபாவிலிருந்து வந்த சானோ போஸோ அதில் கொங்கா வாசிக்கிறார். பாட்டின் மூல யோசனையும் அவருடையதே. முதலில் பாஸும் கொங்காவும், அதன் மேல்தான் பித்தளைக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து ஏறுகின்றன. மறு வருடமே போஸோ நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னும் எவ்வளவோ செய்திருப்பார்!

சரி, கை என்ன செய்கிறது? வழக்கமான ‘தும்பாவோ’வில், அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட கொங்கா தாளச் சுற்றில், இடது கை, உள்ளங்கையும் விரல்நுனியுமாகத் தோலின் மேல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். இரண்டாம் எண்ணிக்கையில் வலது கை சுள்ளென்று ஓர் அறை. நான்காவதிலும் அதை அடுத்த அரை எண்ணிக்கையிலும் திறந்த நாதம், அதாவது அடித்ததும் கையை எடுத்து ஒலிக்கவிடும் அடி. அந்த இரண்டு அடிதான் பாட்டை அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடுகிறது. இவையெல்லாம் ‘கிளாவே’ என்ற ஐந்து தட்டுக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். பியானோவும் அதற்குக் கட்டுப்பட்டதே.

அப்புறம், கியூபக் கொங்காக் கலைஞர் மோங்கோ சாந்தமரியாவின் ‘ஆஃப்ரோ ப்ளூ’ (1959). ஆறு எண்ணிக்கை நடை. முதல் தடவை கொங்காவை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.