அழகிப் போட்டியும் உங்கள் மகளின் குறிப்பேடும்

சென்ற வாரம் ஒரு தாயும் தந்தையும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுடன் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பெரியப்பா குடும்பத்தினர் மருத்துவம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம். சித்தியோ, பெண் உயரமாகவும் லட்சணமாகவும் இருக்கிறாள் என்று சொல்லி, தேசிய அழகிப் போட்டிக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றின் கையேட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். யார் மனமும் நோகாமல் எப்படி முடிவெடுப்பது என்று கேட்கும்போதே தாயின் கண்கள் கலங்கிவிட்டன. பதற்றம் வேண்டாம், நேரம் இருக்கிறது என்று நானும் ஆறுதல்தான் சொல்லத் தொடங்கினேன். மகள் தன் குறிப்பேட்டை நீட்டிய பிறகு அப்படிப் பேச முடியவில்லை.

அழகிப் போட்டியின் நேரலை ஒன்றைப் பார்த்துக்கொண்டே அவள் எழுதிய குறிப்புகள் அவை. யார் என்ன உடுத்தியிருந்தார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. 'அகலக் காட்சி 6 நொடி, கிரேன் இறங்குகிறது, முகம் 3 நொடி, நடுவர்கள் 2 நொடி' என்று நான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன. ஓரத்தில் ஒரு கேள்வி: 'இந்தப் பாட்டு உடை மாற்றுவதற்காகவா?' ஆம், அதற்காகவும்தான்.

பெற்றோரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். அந்தப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். மகுடம் ஒருவருக்குத்தான், கட்டணமோ சேருகிற எல்லோரிடமும் வாங்கப்படுகிறது. உடைக்கும் ஒப்பனைக்கும் புகைப்படத் தொகுப்புக்கும் ஆகும் செலவு தனி. அவள் விரும்பிக் கேட்டிருந்தாலும் கடன் வாங்கிச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அவளோ கேட்கவே இல்லை. மருத்துவத்தைப் பற்றி உறவினர்கள் போதுமான அளவு பேசிவிட்டதால் நான் பேசப் போவதில்லை.

அவள் பார்வை விழுந்த இடம், எந்தக் கேமராவின் காட்சி எப்போது ஒளிபரப்பாக வேண்டும் என்று தீர்மானிக்கிற, பி.சி.ஆர். எனப்படும் தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறை. 1921இல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கிய மிஸ் அமெரிக்கா போட்டியை 1954இல் ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் முதன்முறையாக நேரலையாக ஒளிபரப்பியபோது ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அரங்கில் இருப்பவர்களைவிடத் திரையில் பார்ப்பவர்கள் பல மடங்கு என்று ஆகிவிட்ட பிறகு, மேடை எங்கே வளைய வேண்டும், படிக்கட்டு எத்தனை அகலம், விளக்கு எந்தக் கோணம் என்பதையெல்லாம் கேமராவை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

அந்த அறையில் ரன்டவுன் என்ற நிரல்தாள்தான் எல்லோருக்கும் பொது. தொடக்க நடனம், மாலை உடைச் சுற்று, விளம்பர இடைவேளை, இறுதிக் கேள்வி என ஒவ்வொன்றுக்கும் அதில் நிமிடமும் நொடியும் குறித்திருக்கும். இயக்குநர் 'ஸ்டாண்ட்பை இரண்டு' என்றதும் இரண்டாம் கேமராவின் காட்சி, அடுத்து வரப்போவதைக் காட்டும் பிரிவ்யூ திரையில் தயாராக நிற்கும். 'டேக்' என்றதும், கேமராக் காட்சிகளை மாற்றும் கருவியான விஷன் மிக்சரில் அமர்ந்திருப்பவர் பொத்தானை அழுத்த, கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரியும், வீடுகளில் காட்சி மாறும். மேடையோரத்தில் ஹெட்செட்டுடன் நிற்கும் ஃப்ளோர் மேனேஜர் போட்டியாளர்களை வரிசைப்படி அனுப்பிக்கொண்டே, மீதமிருக்கும் நொடிகளைத் தொகுப்பாளருக்கு விரல்களால் காட்டுவார். கடைசி இருவர் கைகோத்து நிற்கும்போது முகத்துக்கு ஒன்றாக இரண்டு கேமராக்கள் காத்திருக்கும், ஏனென்றால் பெயர் அறிவிக்கப்பட்ட நொடியில் எந்த முகம் மலரும் என்று முன்கூட்டித் தெரியாமலே பொத்தானை அழுத்த வேண்டும்.

2015 டிசம்பர் 20 அன்று லாஸ் வேகாஸில் நடந்த மிஸ் யூனிவர்ஸ் இறுதிச் சுற்றில், தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி கொலம்பியப் போட்டியாளரை வெற்றியாளர் என்று தவறாக அறிவித்து, அவருக்கு மகுடமும் சூட்டப்பட்ட சில நிமிடங்களில் திரும்பி வந்து, வென்றவர் பிலிப்பைன்ஸ் போட்டியாளர் என்று திருத்த நேர்ந்தது. அவர் கையிலிருந்த முடிவு அட்டையில் வெற்றியாளரின் பெயர் வலது கீழ்ப்பகுதியில் தனியாக அச்சாகியிருந்தது. அட்டை வடிவமைப்பும் இந்தத் தொழிலின் ஒரு வேலைதான் என்று சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சிரமங்களையும் மறைக்கவில்லை. இரவு வேலை, வார இறுதிகள், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒப்பந்தம், தொடக்கத்தில் கேபிள் சுற்றும் உதவியாளர் இடம், எல்லா மாதமும் ஒன்றுபோல் இல்லாத வருமானம். ஆனால் இதே திறமை விளையாட்டு ஒளிபரப்புக்கும் விருது விழாவுக்கும் தேர்தல் இரவு நேரலைக்கும் வேண்டியிருப்பதால், ஒரே நிகழ்ச்சியை நம்பி வாழும் தொழிலாக இது இல்லை.

கல்லூரியைத் தேடும்போது பளபளக்கும் ஸ்டுடியோவின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு விஷன் மிக்சருக்கு எத்தனை மாணவர்கள், ஒரு பருவத்தில் எத்தனை பல-கேமரா நேரலைகளை மாணவர்களே நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். விடை தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மூன்று கைப்பேசிகளும் ஒரு கணினியும் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவச நேரலை மென்பொருளும் இருந்தால், பள்ளி ஆண்டு விழாவை அவளே ரன்டவுன் எழுதி, கேமராவுக்குக் கேமரா காட்சியை மாற்றி நேரலையாக நடத்திப் பார்க்கலாம். அடுத்த சந்திப்புக்கு அந்தப் பதிவுடனும் குறிப்பேட்டுடனும் வரச் சொல்லியிருக்கிறேன். சித்தி தந்த கையேடு வீட்டிலேயே இருக்கட்டும்.