பாய்லர் பிரஷர் அடிக்கடி இறங்குதா? கவரைக் கழட்டாம மொதல்ல இதப் பாருங்க

கேள்வி: வீட்டு கேஸ் பாய்லர்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ பிரஷர் ஜீரோவுக்கு வந்துடுது, ஹீட்டிங் நின்னுடுது. தண்ணி ஏத்தி ரீசெட் பண்ணா ஓடுது. எங்கயும் ஒழுகல. வீடியோ பாத்து நானே கவரைக் கழட்டி சரி பண்ணலாமா, இல்ல இன்ஜினியரைத்தான் கூப்பிடணுமா?

பதில்: கவரைத் தொடாதீங்க, காரணம் கீழ சொல்றேன். ஆனா இன்ஜினியர் வர்றதுக்குள்ள எங்க கோளாறுன்னு நீங்களே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம், பிரஷர் காட்டற கேஜைப் பாத்தா போதும்.

சிஸ்டம் ஆறியிருக்கும்போது கேஜ் முள்ளு 1-லேர்ந்து 1.5 பாருக்குள்ள (பார்ங்கறது பிரஷரோட அளவு) நிக்கணும். ரேடியேட்டர் (ரூமை சூடாக்க சுவத்துல மாட்டியிருக்கற பேனல்) எல்லாம் நல்லா சூடானப்புறம் மறுபடி பாருங்க, கொஞ்சம் ஏறியிருக்கும், 2 கிட்ட போனாலும் பயமில்ல. கடகடன்னு 3-ஐத் தொடப் போச்சுன்னா எக்ஸ்பான்ஷன் வெசல்தான் பிரச்சனையா இருக்கும். தண்ணி சூடானா விரியுமில்ல, அதுக்கு இடம் குடுக்கத்தான் அது இருக்கு, நடுவுல ஒரு ரப்பர், ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் அடைச்சு வச்ச காத்து. அந்தக் காத்து இறங்கிட்டாலோ ரப்பர் கிழிஞ்சிட்டாலோ விரியற தண்ணிக்குப் போக்கிடம் இல்ல, பிரஷர் எகிறி 3 பார்ல சேஃப்டி வால்வு தொறந்துக்கும், தண்ணி வெளிச்சுவத்துல நீட்டிக்கிட்டு இருக்கற சின்ன காப்பர் பைப் வழியா போயிடும், ஆறினதும் முள்ளு ஜீரோ. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு இருக்காது, அதனால "எங்கயும் ஒழுகல"ன்னு தான் தோணும். அந்தப் பைப் முனைக்குக் கீழ ராத்திரி ஒரு காலி டப்பாவ வச்சுட்டு காலைல பாருங்க. கைய மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, வர்ற தண்ணி தோல உரிச்சிடும்.

சூடாகியும் முள்ளு பெருசா ஏறல, ஆனா நாளுக்கு நாள் இறங்குதுன்னா பைப்லயோ ரேடியேட்டர்லயோ கசிவு. வால்வுகளோட அடியில டிஷ்யூ சுத்தி வைங்க, பச்சைக் கறை இருக்கான்னு பாருங்க. ஃபில்லிங் குழாயோட, அதாவது நீங்க தண்ணி ஏத்தற குழாயோட, வால்வு ரெண்டும் சரியா மூடியிருக்கான்னும் பாத்துக்கோங்க.

தண்ணி ஏத்திக்கிட்டே காலத்த ஓட்டறது மட்டும் வேணாம். ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணியோட ஆக்ஸிஜனும் உள்ள போகுது, ரேடியேட்டர் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு கருப்பு சேறு சேரும், அது பம்ப்பையும், தீயோட சூட்டைத் தண்ணிக்கு ஏத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அடைச்சா செலவு வேற லெவல்ல போயிடும்.

இப்ப கவர் விஷயம். நிறைய பாய்லர்ல அந்த வெளிக் கவரே சீலோட ஒரு பகுதி, எரியற இடத்துக்கும் நீங்க மூச்சு விடற ரூமுக்கும் நடுவுல இருக்கறதே அதுதான். கழட்டிட்டு கேஸ்கெட் (இடுக்கை அடைக்கற பட்டை) சரியா உக்காராம மாட்டினீங்கன்னா புகை உள்ள வரலாம், அதுல கார்பன் மோனாக்சைடு இருந்தா வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி, வெளிய போனா சரியாயிடுதுன்னா உடனே பாய்லரை ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க, டாக்டரையும் பாருங்க. நீலமா எரியற தீ மஞ்சளாகி ஆடுறது, கவர் மேல கரி படியறது, இதெல்லாமும் உடனே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லன்னா இன்னைக்கே வாங்கி மாட்டுங்க, தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க. கேஸ் வாடையே அடிச்சா ஸ்விட்ச் எதையும் தொடாம, ஜன்னலைத் தொறந்து, கேஸ் மீட்டர் வால்வை மூடிட்டு, வெளிய போய் போன் பண்ணுங்க.

நீங்களே செய்யக்கூடியதும் இருக்கு: தெர்மோஸ்டாட் பேட்டரி மாத்தறது, மேல்பாதி சூடாகாத ரேடியேட்டர்ல காத்து எடுக்கறது, கடுங்குளிர்ல உறைஞ்சு போன கண்டென்சேட் பைப் (பாய்லரோட கழிவுத் தண்ணி வெளிய போற பைப்) மேல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தறது (கொதிநீர் வேணாம், பைப் வெடிச்சிடும்). ரீசெட் ஒரு தடவ, ரெண்டு தடவ சரி, அதுக்கு மேல அமுக்காதீங்க.

இன்ஜினியர்கிட்ட ஆறினப்போ எவ்ளோ, சூடானப்போ எவ்ளோ, டப்பால தண்ணி இருந்துச்சா, ஸ்க்ரீன்ல என்ன எரர் கோட் (code) வந்துச்சுன்னு போன்லயே சொல்லிடுங்க, தேவையான சாமானோட வருவாரு. கேஸ் வேலைக்கான லைசென்ஸ் கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. வெசலை சரி பண்ணப்புறம் சேஃப்டி வால்வையும் செக் பண்ணச் சொல்லுங்க, ஒரு தடவ தொறந்த வால்வுல குப்பை மாட்டிக்கிட்டா சரியா மூடாம சொட்டிக்கிட்டே இருக்கும், அப்புறம் திரும்பவும் பிரஷர் இறங்கும்.