வேலிச் சுண்டைக்கு வந்த கேள்விகள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். "சுண்டைக்காய் பற்றி யாருக்கு என்ன கேட்கணுமோ கேளுங்க, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாலு கேள்வி வரும் என்று பார்த்தால் நாற்பது வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து: அக்கா, மார்க்கெட்ல வாங்கின சுண்டைக்காயைப் பிளந்து விதை எடுத்துப் போட்டேன். ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணுகூட முளைக்கல. விதை செத்ததா?

விதை இன்னும் பிறக்கவே இல்லை தம்பி. கடைக்கு வருவது பிஞ்சு. கறிக்கு அதுதான் நல்லது, விதைக்கு உதவாது. காய் செடியிலேயே மஞ்சளாகித் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். அதைப் பிசைந்து நாலு தண்ணீரில் கழுவி, வழவழப்பு போனபின் நிழலில் காயவைத்து எடுங்கள்.

அப்படி எடுத்த விதையும் உடனே முளைத்துவிடாது. சுண்டை விதைக்கு உறக்கம் உண்டு. பண்ணைக்காரர்கள் ஜிப்ரெலிக் அமிலத்தில் ஊறவைத்து எழுப்புவார்கள். வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, வெளிச்சம் படுகிற மாதிரி வையுங்கள். பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறிக் கிடைத்தால் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். நம்ம ஊர் மாசி, பங்குனி அதற்குச் சரியான காலம். அப்போதும் இரண்டு முதல் நாலு வாரம் பொறுக்கணும்.

பொறுமை இல்லையா? வேப்பமரத்தடியிலோ கரண்ட் கம்பிக்குக் கீழேயோ போய்ப் பாருங்கள். குருவி தின்றுவிட்டு எச்சம் போட்ட இடத்தில் தானாக முளைத்த கன்று இருக்கும். வேரோடு மண்கட்டி சேர்த்துப் பெயர்த்து வாருங்கள். என் தோட்டத்துத் தாய்ச்செடியே அப்படி வந்ததுதான். ஆடி, ஆவணியில் பென்சில் தடிமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நட்டாலும் வேர் பிடிக்கும்.

குடியாத்தத்திலிருந்து: எங்க வேலியில ஒரு முள்செடி இருக்கு. எங்க மாமியார் "உஸ்திக்காய்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரம்மா கண்டங்கத்தரி என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் மாமியாரின் பிறந்த வீடு சித்தூர்ப் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தெலுங்கில் சுண்டைக்கு உஸ்திக்காய் என்றுதான் பெயர். அவர் சொல்வது சரியா என்று செடியைத்தான் கேட்கணும். நிமிர்ந்து ஆள் உயரம், அதற்கு மேலும் வளர்ந்து, வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய் கொத்துக் கொத்தாக இருந்தால் சுண்டை. தரையோடு படர்ந்து, ஊதாப் பூ பூத்து, காயில் வெள்ளைக் கோடு ஓடினால் கண்டங்கத்தரி. அதில் இலை மேல்கூட முள் நீட்டிக்கொண்டு நிற்கும். முள்ளே இல்லாமல், இலை சாம்பல் பூசினாற்போல் மெத்தென்று இருந்தால் அது ஆனைச்சுண்டை. அதைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கொப்பை ஒடித்து விவரம் தெரிந்தவரிடம் நேரில் காட்டுங்கள்.

அணைக்கட்டு வட்டம், ஒரு விவசாயி: முள்ளு கத்தரி போட்டிருக்கேன். காய்க்கிற நேரத்துல செடி பச்சையாவே தொங்கிப் போய் ரெண்டே நாள்ல சாவுது. சுண்டையில ஒட்டுக்கட்டினா நிக்கும்னு சொல்றாங்களே, நெசமா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன் அண்ணே. நிசம்தான். ஆனால் முதலில் உங்கள் செடிக்கு வந்தது எது என்று பாருங்கள். வாடிய செடியை அடித்தண்டில் அறுத்து, அந்தத் துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இழை எதுவும் இல்லாமல் வேரில் கழலை கழலையாக முடிச்சு இருந்தால் நூற்புழு. இரண்டும் மண்ணில் இருப்பவை, மேலே எந்த மருந்து தெளித்தும் பயனில்லை. சுண்டை வேர் இந்த இரண்டையும் தாங்கும். அதனால்தான் கீழே சுண்டை, மேலே கத்தரி என்று ஒட்டுக்கட்டுகிறார்கள்.

நான் முதன்முதலில் கட்டியபோது பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விதையையும் ஒரே நாளில் போட்டேன். கத்தரி ஒரு வாரத்தில் எழுந்து மளமளவென்று வளர்ந்துவிட்டது. சுண்டை அப்போதுதான் கண் திறந்தது. கட்டுகிற அன்று பார்த்தால் கத்தரித் தண்டு தீக்குச்சி, சுண்டைத் தண்டு தையல் நூல். இருநூறு நாற்றும் குப்பைக்குப் போனது. "இன்னாத்துக்குமா இந்த முள்ளுச் செடிய வெச்சிக்கினு கீற?" என்று அம்மா கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது சுண்டையை இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் போடுகிறேன். இரண்டு தண்டும் ஒரே தடிமனில், பென்சில் முள் அளவு வந்ததும் வேலை. சுண்டையை விதையிலைக்கு மேலே தட்டையாக வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பிளக்கணும். கத்தரியின் நுனியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி அந்தப் பிளவில் செருகி, ஒட்டு கிளிப் போட்டுவிடலாம். பிளேடு புதிதாக இருக்கணும், கை நடுங்கக் கூடாது, செருகியபின் காற்று படக் கூடாது. உடனே நிழலில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, உள்சுவரில் வியர்வை நிற்கிற அளவுக்கு ஈரம் காக்கணும். ஐந்தாறு நாள் கழித்து ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். சித்திரையில் இந்த வேலையே வேண்டாம். நம்ம வேலூர் வெயிலில் கூடாரம் இட்லிப் பானை ஆகிவிடும்.

நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கணும். மண் மூடினால் கத்தரி தானே வேர் விட்டுக்கொள்ளும், பிறகு வாடலும் வரும், பட்ட பாடெல்லாம் வீண். ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வந்தால் அவ்வப்போது கிள்ளுங்கள். விட்டால் இரண்டு மாதத்தில் உங்கள் கத்தரித் தோட்டம் சுண்டைத் தோட்டம்.

இன்னொன்று: தண்டுத் துளைப்பானும் காய்ப்புழுவும் ஒட்டுச் செடிக்கும் வரும். அதை ஒட்டுக்கட்டு தடுக்காது. தடுக்கும் என்று யாராவது நாற்று விற்றால் வாங்காதீர்கள்.

அதையொட்டி மூன்று பேர்: ஒட்டுச் செடியில் காய்க்கிற கத்தரி கசக்காதா? முள்ளு கத்தரிக்குரிய இலவம்பாடி ருசி போய்விடாதா?

கசக்காது. வேர் தண்ணீரையும் சத்தையும் அனுப்புகிறது, காயின் குணம் மேலே இருக்கிற கத்தரியுடையது. வேலூர் முள்ளு கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விதை என்று எதை எதையோ விற்கிறார்கள். ருசி கெட்டால் விதையைச் சந்தேகப்படுங்கள், வேரை வேண்டாம். ஒட்டுச் செடியில் எடுத்த விதையைப் போட்டால் வருவது சாதாரணக் கத்தரிச் செடிதான். ஒட்டு விதையில் வராது, ஒவ்வொரு முறையும் கட்டித்தான் ஆகணும்.

சத்துவாச்சாரியிலிருந்து: போன ஐப்பசியில் போட்ட வற்றலில் பூஞ்சை பூத்துவிட்டது. எண்ணெயில் பொரித்தால் சரியாகிவிடுமா?

ஆகாதும்மா. கொட்டிவிடுங்கள். பூஞ்சை விடுகிற நஞ்சு எண்ணெய்ச் சூட்டுக்கு அடங்காது. ஐப்பசி மழையில் வற்றல் போட்டது உங்கள் துணிச்சல். நானும் ஒரு தடவை புயல் மழையில் மாட்டிக்கொண்டு மின்விசிறிக்கடியில் காயவைத்தேன். வீடெல்லாம் புளித்த மோர் நாற்றம். வற்றலும் தேறவில்லை.

வெயில்தான் நம்ம ஊர் சொத்து, பங்குனி சித்திரையில் செய்யுங்கள். விதை முற்றாத காயாகப் பறித்து, குழவியால் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீரில் அலசினால் பாதி விதை போய்விடும், கசப்பும் குறையும். கெட்டியான புளித்த மோரில் உப்புப் போட்டு இரவு ஊறவிடுங்கள். காலையில் காயை மட்டும் பிழியாமல் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடணும். மூன்று நாலு நாளில் மோர் முழுவதையும் காய் குடித்துவிடும். அதன்பிறகும் இரண்டு நாள் வெயில் வேண்டும். தகரத் தட்டில் கொட்டினால் கூழாங்கல் மாதிரி சத்தம் வரணும், சத்தம் மங்கினால் உள்ளே ஈரம். என் வீட்டுத் தராசில் ஒரு கிலோ காய் கால் கிலோ வற்றல் ஆகிறது.

ஆற்காட்டிலிருந்து: சர்க்கரைக்குப் பச்சைச் சுண்டைக்காயை அரைத்துத் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கலாமா? மாத்திரையை விட்டுவிடலாமா?

இரண்டுக்கும் பதில், கூடாது ஐயா. சுண்டை கத்தரிக் குடும்பம். பச்சையாக அதில் நஞ்சுப் பொருட்கள் உண்டு. ஜமைக்காக்காரர்களும் சுண்டைக்காய் சாப்பிடுவார்கள். சில சமயம் அதிகமாகக் கசந்த காயைத் தின்று நாக்குக் குழறி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்து, நடை தள்ளாடி ஆஸ்பத்திரிக்குப் போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. நாம் நசுக்கி, அலசி, வேகவைத்து, குழம்பில் பத்துக் காய் போடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது. பச்சைச் சாறு வேறு கணக்கு. குழம்பாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை மருத்துவர் சொன்னபடி போடுங்கள்.

சித்த மருத்துவத்திலும் சுண்டையைத் தனியாக அள்ளிப் போடுவதில்லை. சுண்டை வற்றல் சூரணத்தில் கறிவேப்பிலை, மாங்கொட்டைப் பருப்பு, ஓமம், நெல்லி வற்றல், மாதுளை ஓடு, வெந்தயம் எல்லாம் சேரும். வயிற்றுப்போக்குக்கும் செரியாமைக்கும் மோரில் கலந்து கொடுப்பார்கள். அளவு சித்த மருத்துவர் சொல்லணும், நாற்றுப் பண்ணைக்காரி சொல்லக் கூடாது.

கே.வி.குப்பத்திலிருந்து: பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. சுண்டை வற்றல்ல இரும்புச்சத்து அதிகமாமே?

அதிகம்தான். நூறு கிராம் வற்றலில் சுமார் 22 மில்லிகிராம் என்பது கணக்கு. ஆனால் நூறு கிராம் வற்றலை யார் தின்பார்கள்? குழம்பில் ஒரு ஆளுக்கு ஐந்து கிராம் வந்தால் ஒரு மில்லிகிராம் இரும்பு, அதிலும் உடம்பு எடுப்பது கொஞ்சம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள் தங்கச்சி. வற்றல் குழம்பும் வையுங்கள், கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொடுங்கள். சாப்பிட்டதும் டீ குடிக்க விடாதீர்கள். வீட்டில் பிரஷர் இருக்கிறவர்களுக்கு வற்றலின் உப்பு ஆகாது, அவர்களுக்குப் பச்சைக் காயில் பொரியல் செய்யலாம்.

மாடியில் தொட்டியில் வருமா?

வரும். இருபது லிட்டர் பெயின்ட் வாளிக்குக் குறைவாக வேண்டாம். ஏழெட்டு மாதத்தில் காய்க்கும். குழந்தைகள் ஓடுகிற பக்கம் வைக்காதீர்கள், முள்.

இலையை ஜல்லடையாக அரித்துவிட்டது. என்ன பூச்சி?

புள்ளி போட்ட ஆமை வண்டு. காலையில் மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மிஞ்சினால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. இலைகள் பொடிப்பொடியாகக் குறுகிச் செடி துடைப்பம் மாதிரி ஆனால் சிற்றிலை நோய். அதைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: கிணற்றுத் தண்ணீர் உப்பு, தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்கும் என்கிறார்கள். சுண்டை தாங்குமா?

செடி ஓரளவு தாங்கலாம், தின்கிற நீங்கள் தாங்க வேண்டுமே. முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். அதுவரை மழைநீரில் தொட்டிச் செடி போதும்.

பேர்ணாம்பட்டிலிருந்து: ஒரு ஏக்கர் முழுக்கச் சுண்டை போட்டு விற்கலாமா?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சும்மாவா சொன்னார்கள்? செடிக்குச் செலவு இல்லை. முள்ளுக்கு நடுவே கொத்துக் கொத்தாகப் பறிக்கிற கூலிதான் செலவு. பச்சைக் காயாக ஒரு ஏக்கர் விளைச்சலையும் உழவர் சந்தையில் ஒரே நாளில் தள்ள முடியாது. வேலியோரம் முப்பது செடி வையுங்கள். வீட்டு ஆட்களே பறித்து வற்றலாக விற்றால் கையில் காசு நிற்கும். நாற்றாக விற்பதில் இன்னும் நிற்கும், இது என் சுயநலம் கலந்த கருத்து. ஏக்கர் கணக்கில் இறங்குவதற்கு முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு நடை கேட்டுவிடுங்கள்.

ஒடுகத்தூரிலிருந்து, கடைசியாக: நாலு வருஷச் செடி. மரமாட்டம் நிக்குது, உச்சியில நாலு கொத்துதான் காய்க்குது. வெட்டிடவா?

வேரோடு வேண்டாம் பெரியப்பா. ஆடியில் ஒரு மழை விழுந்ததும் முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டு, அடியில் இரண்டு கூடை மட்கிய எரு போடுங்கள். புதுக் கொப்பில்தான் நல்ல காய் வரும். அறுத்த முள்குச்சியை வேலி இடுக்கில் செருகுங்கள், ஆடு வராது. அதிலேயே பென்சில் தடிமனில் பத்துக் குச்சி எனக்கு எடுத்து வைத்தால் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.