சின்ஸ் டூ அவர்ஸ்

ஐயா,

போன வாரம் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். வெகுநேரம் யாரும் கூப்பிடவில்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். எங்கே பிழை என்று இன்னும் பிடிபடவில்லை. மணி கேட்க "வாட் இஸ் த டைம்" என்பதும் தப்பு என்கிறார்களே, உண்மையா?

ம., தென்காசி

அன்புள்ள ம.,

அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் வாரம் தவறாமல் நான் கேட்கிற பிழை இது.

"இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்", "இரண்டு மணியிலிருந்து காத்திருக்கிறேன்". இவற்றை நீங்கள் ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டீர்கள். எவ்வளவு நேரம் என்பதற்கு 'ஆக'. எப்போது தொடங்கியது என்பதற்கு 'இலிருந்து'. அந்த 'ஆக'தான் ஃபார், அந்த 'இலிருந்து'தான் சின்ஸ். ஃபார் டூ அவர்ஸ். சின்ஸ் டூ ஓ கிளாக். ஆங்கிலம் பேச ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இந்த இடத்தில் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடம் வினைச்சொல். "காத்திருக்கிறேன்" என்ற நிகழ்காலமே நமக்குப் போதும். முன்பே தொடங்கி இன்னும் முடியாததற்கு ஆங்கிலம் 'ஹாவ் பீன்' கேட்கும்: "ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்." வெறும் 'ஆம் வெயிட்டிங்' இந்தக் கணத்தோடு நின்றுவிடும், நீங்கள் உட்கார்ந்து கழித்த அந்த இரண்டு மணி நேரம் அதில் வராது.

"வாட் இஸ் த டைம்" தப்பே இல்லை. "வாட் டைம் இஸ் இட்" என்பதும் சரி. முன்பின் தெரியாதவரிடம் "குட் யூ டெல் மீ வாட் டைம் இட் இஸ்" என்றால் மரியாதையாக இருக்கும். இங்கே 'இட்' முன்னால் வந்துவிடுவதைக் கவனியுங்கள். "டூ யூ ஹாவ் த டைம்" என்றும் கேட்கலாம். ஆனால் அந்தச் சின்ன 'த'வை விட்டுவிட்டால், மணி என்ன என்ற கேள்வி "உங்களுக்கு நேரம் இருக்கிறதா" என்று ஆகிவிடும்.

பதில் சொல்லும்போது, ஓ கிளாக் முழு மணிக்கு மட்டும். ஏழரைக்கு "செவன் தர்ட்டி" அல்லது "ஹாஃப் பாஸ்ட் செவன்" போதும். ஏழே முக்காலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாம் கடந்துபோன ஏழு மணியோடு முக்காலைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் வரப்போகிற எட்டுக்கு இன்னும் கால் மணி என்று கணக்கிட்டு "குவார்ட்டர் டு எயிட்" என்கிறது.