7 வெற்றி, 14 தோல்வி: ஒரே கணக்கு, இரண்டு முடிவுகள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அணி தோற்கத் தொடங்கியதுமே ரசிகர்கள் பயிற்சியாளரை நீக்கச் சொல்கிறார்களே, அது நியாயமா?

கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எதைக் காட்டிக் கேட்கிறார்கள் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. ஆய்வுப் படிப்புக்காக மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். இந்த விளையாட்டை அங்கேதான் கற்றுக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு அந்த ஒரு மாநிலத்திலேயே விடை இருக்கிறது.

அங்கே இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். ஸ்டார்க்வில்லில் மிசிசிப்பி ஸ்டேட். ஆக்ஸ்போர்ட் ஊரில் மிசிசிப்பி பல்கலைக்கழகம், அதாவது எல்லோரும் ஓல் மிஸ் என்று அழைப்பது. இரண்டும் எஸ்.இ.சி. என்னும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் ஆடுபவை. கல்லூரி பேஸ்பாலில் அதைவிடக் கடினமான கூட்டமைப்பு இன்று இல்லை என்பது என் கருத்து.

முதலில் ஓல் மிஸ். 2022 மே மாதத் தொடக்கத்தில் அந்த அணி கூட்டமைப்பு ஆட்டங்களில் 7 வென்று 14 தோற்றிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நாட்டின் முதல் இடத்தில் வைக்கப்பட்டிருந்த அணி அது. மைக் பியான்கோ 2001 பருவத்திலிருந்து பயிற்சியாளர். அவரை அனுப்பியே தீர வேண்டும் என்ற குரல் ஊரெங்கும் கேட்டது. அந்தக் கோபம் ஒரே மாதத்தில் வந்ததல்ல. இறுதிச் சுற்றுக்கான எட்டு அணிகள் கூடும் ஒமாஹா நகரத்துக்கு ஒரு படி கீழே வரை அவர் அணி ஏழு முறை போயிருந்தது. தாண்டியது 2014இல் மட்டும். மற்ற ஆறு முறையும் அந்த வாசலிலேயே தோற்றது, அவற்றில் மூன்று சொந்த மைதானத்தில். அந்த வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

நிர்வாகம் அவரை நீக்கவில்லை. மீதமிருந்த 9 கூட்டமைப்பு ஆட்டங்களில் 7ஐ வென்ற அணி, 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குள் கடைசி ஆளாக நுழைந்தது. பிறகு ஒமாஹாவுக்கு முந்தைய படியில், ஹாட்டிஸ்பர்க் ஊரில் சதர்ன் மிஸ் அணிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் ஒரு ரன் கூடக் கொடுக்காமல் வென்றது. ஒமாஹாவில் அர்கன்சாஸுக்கு எதிராக டிலன் டிலூசியா ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி 2-0 என்று முடித்தார். ஜூன் 26 அன்று ஓக்லஹோமாவை 4-2 என்று வென்று ஓல் மிஸ் சாம்பியன் ஆனது. அது அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தேசிய பேஸ்பால் பட்டம்.

இனி ஸ்டார்க்வில்லுக்கு வருவோம். 2021இல் கிறிஸ் லெமோனிஸ் பயிற்சியில் மிசிசிப்பி ஸ்டேட் தேசியப் பட்டம் வென்றது. எந்தக் குழு விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகம் வென்ற முதல் தேசியப் பட்டம் அதுதான். நான்கே ஆண்டுகளில், 2025 ஏப்ரல் 28 அன்று, பருவத்தின் நடுவிலேயே அவர் நீக்கப்பட்டார். அன்று கூட்டமைப்பில் அணியின் கணக்கு என்ன தெரியுமா? அதே 7 வெற்றி, 14 தோல்வி.

இரண்டு முடிவுகளுமே சரி என்பதுதான் என் எண்ணம். ஓல் மிஸ் அணிக்கு 2022இன் சரிவு ஒரு பருவத்துச் சரிவு. முந்தைய ஆண்டு அது ஒமாஹாவின் வாசல் வரை போய் வந்திருந்தது. ஸ்டேட் அணியோ பட்டம் வென்ற அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கூட்டமைப்பில் 9-21, அதாவது 9 வெற்றி, 21 தோல்வி என்று முடித்து, இரண்டு முறையும் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 2024இல் 17-13 என்று எழுந்து நின்றது உண்மை. ஆனால் மறு ஆண்டே மீண்டும் சறுக்கியது.

அதிலும் பயிற்சியாளரின் கையில் இருந்தது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2022 தொடக்கத்திலேயே லாண்டன் சிம்ஸ் முழங்கைக் காயத்தால் விலகினார். பட்டம் வென்ற அணியின் முதுகெலும்பு போன்ற பந்துவீச்சாளர் அவர். அந்தப் பழியை லெமோனிஸ் மேல் போடுவது அநியாயம். ஆனால் ஒருவர் விழுந்தால் அடுத்து வீச ஆள் தயாராக இருக்கிறாரா என்பதற்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு ஆண்டுகள் அந்த ஆள் இல்லை.

டூடி நோபிள் மைதானத்தின் இடது பக்க வேலிக்குப் பின்னால் லெஃப்ட் ஃபீல்ட் லவுஞ்ச் என்று ஓர் இடம் உண்டு. இறைச்சி சுடும் அடுப்புகள் எரிய, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். என்னை அழைத்துப் போன நண்பரின் மாமனார் அங்கே மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிப்பார். அணி தோற்றால் அவர் கத்த மாட்டார். நம் பந்துவீச்சாளர் நான்கு பந்துகளை வெளியே வீசி எதிராளியைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினால் மட்டும் பென்சிலை நிறுத்திவிட்டு, "இதைச் சொல்லித்தர வேண்டியது யார்?" என்பார். பந்து மட்டையில் பட்டு எங்கே விழும் என்பது பாதி அதிர்ஷ்டம். வீசும் பந்து குறிக்குள் விழுவது பயிற்சி என்று எனக்கு விளக்கியவர் அவர்தான். ரசிகரின் எதிர்பார்ப்பு இப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வீரர்கள் மேல் கோபத்தைக் காட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அண்மைக்காலம் வரை ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகைதான் அனுமதி. அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலான பையன்களின் வீட்டில் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பெற்றோர் கட்டினார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒரு பந்தைத் தவறவிட்டதற்கு அவனுடைய கைபேசிக்கு வசைமொழி அனுப்புவது கொடுமை.

பயிற்சியாளரின் நிலை வேறு. இப்போது அந்த உச்சவரம்பு போய், 34 பேர் கொண்ட அணிக்கு முழு உதவித்தொகையே தரலாம் என்று விதி மாறிவிட்டது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரே கோடையில் பாதி அணியைப் புதிதாகக் கட்டலாம். அதனால் "ஐந்தாண்டு பொறுங்கள்" என்று கேட்கும் உரிமை பயிற்சியாளர்களுக்கு இனி இல்லை. மூன்று பருவங்கள் போதும்.

பருவத்தின் நடுவில் நீக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. லெமோனிஸ் போன பிறகு பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஜஸ்டின் பார்க்கர் பொறுப்பேற்றார். அதே வீரர்கள் மீதமிருந்த 9 கூட்டமைப்பு ஆட்டங்களில் 8ஐ வென்று 15-15 என்று முடித்து, தேசியப் போட்டிக்கும் போனார்கள். நீக்கியது சரி என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஓல் மிஸ் அதே கட்டத்திலிருந்து பயிற்சியாளரை மாற்றாமலேயே 7 வென்றதே! ஒன்பது ஆட்டங்களை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. நடுவில் நீக்கியதால் கிடைத்த உண்மையான பயன் வேறு: புதியவரைத் தேட நிர்வாகத்துக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. பருவம் முடிந்ததும் வர்ஜீனியாவிலிருந்து பிரையன் ஓ'கானரை அழைத்துவந்தார்கள். 2015இல் தேசியப் பட்டம் வென்றவர் அவர். வர்ஜீனியா வீரர்கள் சிலரும் அவருடன் வந்தார்கள்.

பியான்கோவுக்கு அந்தப் பட்டம் நிரந்தரக் காப்பீடு ஆகிவிடவில்லை. மறு ஆண்டே 6-24 என்று கடைசி இடம், அடுத்த ஆண்டு 11-19. அப்போது ஆக்ஸ்போர்டில் எழுந்த கேள்விகள் 2022இல் எழுந்தவற்றைவிட நியாயமானவை என்பேன், ஏனென்றால் அது தொடர்ந்த சரிவு. 2025இல் அணி 16-14 என்று மீண்டது. ஆனால் தேசியப் போட்டியின் முதல் சுற்றைச் சொந்த ஊரில் ஆடியும் மர்ரே ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிடம் தோற்று வெளியேறியது. அந்தத் தோல்விக்காக அவரை நீக்கச் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2026, 2027 பருவங்களையும் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.