தவணை தவறிய வீட்டுக் கடன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து வருகிறோம். தறிக்கான பாவு நூல் ஒழுங்காக வராததால் தறிகள் பாதி நாள் நிற்கின்றன. வீட்டுக் கடனில் 16 லட்சம் பாக்கி. எட்டரை சதவீத வட்டியில் இன்னும் 12 ஆண்டுகள் கட்ட வேண்டும். இரண்டு தவணைகள் நின்றுவிட்டன. மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடுங்கள் என்கிறார் மைத்துனர். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். வங்கி வீட்டைப் பூட்டிவிடுமா?
– வாசகர், பல்லடம் வட்டம்

பதில்: இரண்டு தவணைக்காக எந்த வங்கியும் வீட்டைப் பூட்டிவிட முடியாது. ஆனால், கையில் இருக்கும் நாட்கள் குறைவு என்பதை நீங்கள் உணர வேண்டும். நிலுவை 90 நாட்களைக் கடந்தால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பு ஒரு தவணையைக் கட்டினாலும் அது பழைய நிலுவையில் கழிந்து, கணக்கைக் காப்பாற்றும். வாராக்கடன் ஆன பிறகோ, நிலுவை முழுவதையும் கட்டித் தீர்த்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இந்த மாதம் ஒரு தவணையையாவது கட்டிவிடுங்கள்.

மைத்துனர் அக்கறையோடுதான் சொல்கிறார் என்றாலும், அந்த யோசனையை ஏற்காதீர்கள். மூன்று ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். எட்டரை சதவீதக் கடனை 36 சதவீதக் கடனால் அடைப்பது கடனை அடைப்பதாகாது. அதைவிட ஆபத்தானது, பணம் தருகிறவர் வீட்டை அவருக்கு விற்பதாகக் கிரைய அக்ரிமெண்ட் எழுதிக் கேட்பது. எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் அதில் கையெழுத்திடாதீர்கள். நகையைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று மாதங்களில் பாவு திரும்ப வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்துக் கட்டலாம். உறுதி இல்லையெனில் நகையும் போய், தவணையும் நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, கிளை மேலாளரிடம் நேரில் சென்று, வருமானம் குறைந்ததற்கான கூலி பில், கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித்துத் தருமாறு எழுத்தில் கேட்பதுதான். இன்று உங்கள் தவணை சுமார் 17,760 ரூபாய் இருக்கும். மீதிக் காலத்தை 20 ஆண்டுகளாக்கினால் அது சுமார் 13,890 ஆகக் குறையும். மாதம் நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும்; ஆனால் கடைசிவரை அப்படியே கட்டினால் வட்டியாக ஏறத்தாழ ஏழே முக்கால் லட்சம் கூடுதலாகப் போகும் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். தறி நன்றாக ஓடும்போது கூடுதலாகக் கட்டி அசலைக் குறைத்துக்கொள்ளலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. வயதையும் வருமானத்தையும் பார்த்து நீட்டிப்பது வங்கியின் முடிவு, உங்கள் உரிமை அன்று. கேட்காதவருக்கு அது கிடைக்காது.

இதற்கும் வழியில்லையென்றால், மனம் கனக்கும்தான், வீட்டை நீங்களே விற்றுவிடுவது நல்லது. கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கியிடம் எழுதி வாங்கி, வாங்குபவர் அந்தத் தொகையை நேரடியாக வங்கியில் செலுத்திப் பத்திரத்தை மீட்கும்படி ஒப்பந்தம் செய்யலாம். நீங்கள் பேசி விற்கும் விலை ஏலத்தில் கிடைப்பது அரிது.

கேள்வி: என் கணவர் எடுத்த வீட்டுக் கடனுக்கு 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: உண்மையில்லை, அம்மா. நான் வங்கிக் கிளையில் பணியாற்றியபோது, பெரியவர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஐந்து பதிவுத் தபால்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை, மேலே இருந்த உறையில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தது. முதல் தபாலைப் பிரித்திருந்தாலே அவர் வீடு தப்பியிருக்கும். நீங்கள் பிரித்துப் படித்திருக்கிறீர்கள். அதுவே பாதி வேலை.

கணக்கு வாராக்கடன் ஆன பிறகு, அடமான வீட்டைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி கையகப்படுத்தி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, 60 நாட்களுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லி வருவது இந்த நோட்டீஸ். இதற்கு உங்கள் ஆட்சேபத்தையும், எப்படிக் கட்டுவீர்கள் என்ற யோசனையையும் எழுதி ஒப்புகையுடன் கொடுங்கள். 15 நாட்களுக்குள் வங்கி பதில் தர வேண்டும். பாக்கியைக் குறைத்துப் பேசி ஒரேயடியாகக் கட்டி முடிக்கும் ஒருமுறைத் தீர்வு கேட்கலாம். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில், முழுதாகக் கட்டவில்லை என்பதைக் குறிக்கும் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், அடுத்த கடன் கடினமாகும். 60 நாட்களுக்குப் பிறகு வங்கி வீட்டைத் தன் வசம் எடுக்கும் சுவாதீன நடவடிக்கை எடுத்தால், அன்றிலிருந்து 45 நாட்களுக்குள் கோயம்புத்தூரில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இந்த விவகாரத்தை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்குச் சட்டம் இடம் தரவில்லை. ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு பாக்கியையும் செலவையும் முழுமையாகக் கட்டினால் வீட்டை மீட்கலாம். வெளியான பிறகு அந்த உரிமை இல்லை. ஏலம் நடந்தே விட்டாலும், கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் தொல்லை கொடுத்தால், நேரத்தைக் குறித்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.