குழி தோண்டுவதை ஏன் பார்க்க வேண்டும்?

அன்புள்ள சார்,

பெங்களூரில் மென்பொருள் வேலை. பெல்லந்தூரிலிருந்து வைட்ஃபீல்டு போய்வரும் கம்பெனி பஸ்ஸில்தான் தொடர் பார்க்க நேரம் கிடைக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்களே என்று ஆப்பிள் டிவியில் 'ப்ளூரிபஸ்' தொடர் பார்த்தேன். முதல் பகுதி பரபரப்பாக இருந்தது. இரண்டாவதில் படுத்துவிட்டது. ஒருத்தி குழி தோண்டுவதையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பத்து விநாடியாகத் தள்ளித்தான் முடித்தேன். பெரியவர்களுக்கான அறிவியல் புனைவு இவ்வளவு மெதுவாகத்தான் இருக்குமா? பொறுமையாகப் பார்த்தாலும் பாதியில் நிறுத்திவிட மாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்?

நந்தினி

அன்புள்ள நந்தினி,

முதலில், பஸ்ஸில் பார்ப்பதை விடுங்கள். மாரத்தஹள்ளி நெரிசலுக்கு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம். இதில் பேச்சே இல்லாமல் நிமிடக்கணக்கில் காட்சிகள் ஓடும். நீங்கள் தள்ளியது அவற்றைத்தான்.

ஒரு ஆள் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்வதைக் காட்டுவதில் இதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனுக்குத் தீராத ஆசை. அவருடைய முந்தைய தொடர் 'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே நாயகி காரல் தன் துணையைப் புதைக்க வெயிலில் தனியாகத் தோண்டுகிறாள். உலகமே உதவத் தயாராக நிற்கிறது, வேண்டாம் என்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்பது அந்தப் பிடிவாதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அறிவியல் புனைவுத் தொடரில் முதல் இரண்டு பகுதிகளில் நான் கதையைத் தேடுவதில்லை. என்ன விதி போடுகிறார்கள், அதற்கு அவர்களே கட்டுப்படுகிறார்களா என்றுதான் பார்ப்பேன். விண்வெளியிலிருந்து வந்த ஒரு சமிக்ஞையை வைத்து ஆய்வகத்தில் உருவாக்கிய வைரஸ், மனிதர்களை ஒரே மனமாக்கிவிடுகிறது. அதில் சேராமல் காரலோடு சேர்த்து 13 பேர்தான் மிச்சம். அந்த ஒரே மனம் எந்த உயிரையும் வேண்டுமென்று கொல்லாது. இந்த 13 பேர் கேட்டதைச் செய்துகொடுக்கும். மூன்றாவது பகுதியில் காரல் எரிச்சலில், கிண்டலாக, ஒரு கையெறி குண்டு கேட்கிறாள். கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்!

சரி, மரத்திலிருந்து ஒரு ஆப்பிளைக்கூடப் பறிக்க மாட்டோம் என்பவர்கள் என்னதான் சாப்பிடுவார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து எழுதியவர்கள் நழுவியிருக்கலாம். நழுவவில்லை. பதில் பின்னால் வருகிறது, நான் சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியைச் சாப்பிட்டுக்கொண்டே மட்டும் பார்க்காதீர்கள்.

படுக்கையறைக் காட்சியும் கெட்ட வார்த்தையும் இருந்தால் மட்டும் ஒரு தொடர் பெரியவர்களுக்கானது ஆகிவிடாது. இரண்டாவது பகுதியில் இந்தியாவிலிருந்து வரும் லக்ஷ்மியைக் கவனித்தீர்களா, இல்லை அவளையும் தள்ளிவிட்டீர்களா? கூடவே அவள் மகன். அவனுக்குள் இப்போது உலகமே இருக்கிறது. அவளோ, என் பிள்ளை என் பிள்ளைதான் என்கிறாள். காரலுக்கு அது பொறுக்கவில்லை. அவன் பழைய பிள்ளை இல்லை என்று நோகும்படி நிரூபித்துக் காட்டுகிறாள். போரும் திருட்டும் ஒழிந்த உலகத்தை எதிர்த்து நிற்பவள் இப்படிக் குடிக்கிற, எரிந்து விழுகிற ஒருத்தி. யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நடுவில் ஒரு பகுதி எனக்கும் இழுவையாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாதியில் நின்றுவிடும் என்ற பயம் நியாயமானதே. 'ஸ்காவெஞ்சர்ஸ் ரெய்ன்' என்று 2023-இல் ஒரு அருமையான அனிமேஷன் தொடர் வந்தது. ஒரே சீசனோடு சரி. 'ப்ளூரிபஸ்'ஸுக்கு ஆப்பிள் ஆரம்பத்திலேயே இரண்டு சீசன் ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 நவம்பரில் தொடங்கிய முதல் சீசன் மொத்தமே 9 பகுதிகள். மூன்றாவது வரை வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறமும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அலுவலகத்தில் சொல்கிறார்கள் என்பதற்காகவெல்லாம் பார்க்க வேண்டாம்.